சும்மா கொடுப்பது குற்றமா?

கேள்வி:

விருதுநகரில் சிறு கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதி விற்கிறேன். நானும் இரண்டு பையன்களும்தான் கம்பெனி. பலசரக்கு மொத்தக்கடை, ஹார்டுவேர் கடை, மருந்துக்கடை என்று பல வருடமாக ஓடுகிறது. இப்போது ஒரு இளைஞர், கட்டற்ற மென்பொருள் ஒன்றைக் கடை கடையாகப் போட்டுக்கொடுக்கிறார். மென்பொருளுக்குக் காசு கிடையாது, போட்டுக் கொடுக்கும் கூலி மட்டும்தானாம். என் வாடிக்கையாளர்கள் வருடாந்திரப் பராமரிப்புத் தொகையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

பிரவுசரைச் சும்மா கொடுத்ததற்காக மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். பெரிய கம்பெனி சும்மா கொடுத்தால் குற்றம், லினக்ஸ்காரர்கள் சும்மா கொடுத்தால் சேவையா? அடக்கத்துக்குக் கீழே விற்றுச் சின்னவனை ஒழிப்பது இரண்டிலும் ஒன்றுதானே? அந்தக் கட்டற்ற மென்பொருள்காரர்களே மைக்ரோசாஃப்டுக்கு எதிராக ஐரோப்பாவில் கோர்ட் ஏறினார்கள் என்பது இன்னும் வேடிக்கை. காசே வாங்காதவனுக்கு என்ன நஷ்டம்?

என் மென்பொருளில் இருக்கும் பழைய கணக்கை அவருடையதற்கு மாற்றித் தரும்படி அந்த இளைஞர் கேட்டார். ஃபைல் அமைப்பு என் சொத்து, தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானே? அவர் மீது போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்க வழி உண்டா?

ஒரு வாசகர், விருதுநகர்

பதில்:

சும்மா கொடுத்தார் என்பதற்காக மட்டும் நம் நாட்டில் யாரையும் தண்டிக்க முடியாது. ஜியோவை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டம்பரில் வந்தார்கள். பேச்சும் இலவசம், டேட்டாவும் இலவசம். டிசம்பரோடு முடியும் என்றார்கள், பிறகு மார்ச் வரை நீட்டினார்கள். ஏர்டெல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. அடக்கத்துக்குக் கீழே விற்று மற்றவர்களை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்பது புகார், அதாவது உங்கள் வாதமேதான். 2017 ஜூனில் ஆணையம் அதை விசாரணைக்கு அனுப்பாமலே மூடிவிட்டது. போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்துகிறவரைப் பற்றியது. பழம்பெரும் நிறுவனங்கள் பல நிற்கிற இடத்தில் நேற்று வந்தவருக்கு ஆதிக்கம் ஏது, ஆதிக்கமே இல்லாதபோது அதைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது எப்படி? ஆணையம் சொன்ன காரணம் இவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சந்தையில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அந்த உத்தரவில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் ஆணையம் சொன்னது சரி.

பூஜ்ய விலைக்கே தண்டனை கிடைத்த வழக்கும் நம்மிடம் ஒன்று உண்டு. அதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது பாதி மென்பொருள் வழக்கு. 2008இல் தேசியப் பங்குச் சந்தை அந்நியச் செலாவணி வர்த்தகம் ஒன்றைத் தொடங்கியது. பங்கு வர்த்தகத்தில் அது ஏற்கெனவே பெரும்புள்ளி. சில வாரங்களில் எம்சிஎக்ஸ் பங்குச் சந்தையும் அதே வர்த்தகத்தில் இறங்கியது. தேசியப் பங்குச் சந்தை இந்தப் பிரிவுக்கு மட்டும் பரிவர்த்தனைக் கட்டணமே வாங்கவில்லை. இதே ஒரு தொழிலை மட்டும் நம்பியிருந்த எதிராளியும் வாங்காமல் இருக்க வேண்டியதாயிற்று. பங்கு வர்த்தகத்தில் வருகிற வருமானம் ஒருவரைத் தாங்கியது, மற்றவருக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. கதை இதோடு நின்றிருந்தால் வெறும் விலைச் சண்டை. ஆனால் அப்போது தரகர்கள் மேசையில் பரவலாக ஓடிக்கொண்டிருந்தது ஓடின் என்ற மென்பொருள். ஒரே திரையில் பல சந்தைகளின் விலையையும் காட்டும். அதைச் செய்தது எம்சிஎக்ஸின் தாய் நிறுவனம். அந்த மென்பொருள் தன் செலாவணிப் பிரிவோடு பேசுவதற்குத் தேவையான இணைப்புக் குறிமுறையைத் தேசியப் பங்குச் சந்தை தர மறுத்துவிட்டது. அதே நேரம் நௌ என்ற தன்னுடைய மென்பொருளைத் தரகர்களுக்குச் சும்மா கொடுத்தது. 2011 ஜூனில் போட்டி ஆணையம் பெரும்பான்மை முடிவாக 55.5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை ஒப்புக்கொண்டது.

ஜியோவும் சும்மா கொடுத்தது, தேசியப் பங்குச் சந்தையும் சும்மா கொடுத்தது. இரண்டாமவருக்கு முதலில் ஆதிக்கம் இருந்தது. அதோடு, அடுத்தவர் உள்ளே வருவதற்கான இணைப்பையும் அடைத்தார். இனி வரப்போகிற வழக்குகளில் இந்த இரண்டாவது விஷயத்தை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் வழக்கை நீங்கள் பாதி படித்திருக்கிறீர்கள். 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. 2001 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரைச் சும்மா கொடுத்ததைக் குற்றமாகக் கொள்ள முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியது. ஏகபோக நிறுவனமே ஆனாலும், வாங்குகிறவருக்குப் பிடித்த விலையில் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்றது. அப்படியானால் எதற்குத் தோற்றார்கள்? கணினி தயாரிப்பாளர்கள் எக்ஸ்புளோரர் சின்னத்தைத் திரையிலிருந்து நீக்கக்கூடாது என்று உரிம ஒப்பந்தத்தில் எழுதியதற்கு. தேவையில்லாத நிரல்களை நீக்கும் பட்டியலிலிருந்து அந்த பிரவுசரை மட்டும் எடுத்துவிட்டதற்கு. இணைய இணைப்பு தருகிற நிறுவனங்களோடு, போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப்பைக் கண்ணில் காட்டாதே என்பது போன்ற ஏற்பாடுகள் செய்ததற்கு. நெட்ஸ்கேப்பை விடாவிட்டால் மேக்கின்டோஷுக்கு ஆஃபீஸ் வராது என்று ஆப்பிளை மிரட்டியதற்கு. பட்டியல் இன்னும் நீளம். எதிலும் விலை கிடையாது, எல்லாம் ஒப்பந்தமும் மிரட்டலும்.

இதைவிடப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கு இத்தகைய ஒப்பந்தம் ஏன் உயிர்ப் பிரச்சினை என்று புரிய வைப்பது அதுதான். 1990களின் தொடக்கம் வரை கணினி தயாரிப்பாளர்கள் பலரோடு மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது: குறிப்பிட்ட வகைச் செயலி உள்ள கணினி எத்தனை விற்கிறாயோ, அத்தனைக்கும் எனக்குப் பணம் கட்டு, அதில் என் இயங்குதளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீங்கள் கணினி தயாரிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு இயங்குதளம் ஒன்றைப் போட்டு விற்றால் அதற்கும் விலை கொடுக்க வேண்டும், மைக்ரோசாஃப்டுக்கும் கொடுக்க வேண்டும். அந்த வேறு ஒன்று சும்மா கிடைத்தால்கூட உங்களுக்குச் சேமிப்பு ஒரு பைசா இல்லை. அதாவது, விலையில்லாமல் கொடுப்பவனுக்கு இருக்கிற ஒரே அனுகூலத்தை ஒப்பந்தத்தின் ஒரு வரி துடைத்துவிடுகிறது. 1994 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில்தான் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். 1990களின் கடைசியில் பீ நிறுவனம் தன் இயங்குதளத்தை, முதல் திரையிலேயே தெரியும்படி போட்டு விற்கத் தயாராக இருக்கும் எந்தத் தயாரிப்பாளருக்கும் காசில்லாமல் தருகிறேன் என்று அறிவித்துப் பார்த்தது. ஹிட்டாச்சி தன் கணினி ஒன்றில் போட்டது. ஆனால் அதைத் திறந்தால் விண்டோஸ் மட்டும்தான் வரும். உள்ளே இன்னொன்று தூங்குவது வாங்கியவருக்கே தெரியாது. கடைசியில் பீ மூடப்பட்டு, வழக்குப் போட்டு, 2003இல் சமரசத் தொகையாக 2 கோடியே 32.5 லட்சம் டாலர் வாங்கியது. மூடின கடைக்கு நஷ்ட ஈடு.

உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்காரர். லினக்ஸோடு போட்டியிடும் இயங்குதளம் ஒன்றை எழுதி விற்க ஆசை, ஆனால் ஜிபிஎல் உரிமத்தில் ஐபிஎம், ரெட் ஹேட், நோவெல் எல்லாரும் சேர்ந்து விலையைப் பூஜ்யத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், இது கூட்டுச் சதி என்று வழக்குப் போட்டார். 2006 நவம்பரில் சிகாகோவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில பக்கங்களில் தள்ளுபடி செய்தது. எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக். போட்டிச் சட்டத்தில் பெரிய பெயர், அதுவும் நிறுவனங்களின் பக்கம் சாய்பவர் என்ற பெயர். அவர் சொன்ன காரணத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அடக்கத்துக்குக் கீழே விற்று எதிராளியை ஒழிப்பது ஏன் தவறு? எதிராளி ஒழிந்தபிறகு விலையை ஏற்றி, விட்ட காசை வட்டியோடு பிடிப்பார் என்பதால். ஜிபிஎல் உரிமத்தில் வெளியான மென்பொருளுக்கு அந்த இரண்டாவது கட்டம் வரவே வராது. இன்று கையில் வாங்கியவர் யாராக இருந்தாலும் நாளை அதை நகலெடுத்து, திருத்தி, விரும்பிய விலைக்கு விற்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். ஏற்றுவதற்குத் தனிப்பட்ட உரிமையாளன் கையில் விலையே இல்லை. அதோடு, சும்மா கிடைப்பது சந்தையை அழித்துவிடுவதும் இல்லை. ஓப்பன் ஆஃபீஸ் இருந்தும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் விற்கிறது, கிம்ப் இருந்தும் ஃபோட்டோஷாப் விற்கிறது என்றும் உதாரணம் காட்டினார்.

இனி உங்களுக்கு வேடிக்கையாகப் பட்ட விஷயம். காசே வாங்காதவனுக்கு என்ன நஷ்டம்?

1991 கடைசியில் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர் தன் மேசைக் கணினியிலிருந்து யூனிக்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புகளைத் திறக்க விரும்பினார். அதற்கு ஒரு சிறிய நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து சாம்பா ஆயிற்று. விண்டோஸ் கணினிகள் கோப்பையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும்போது பேசும் மொழியை லினக்ஸ் சர்வரும் பேசவைக்கிற மென்பொருள் அது. உங்கள் வாடிக்கையாளர் கடைகளில் பேக்கப் எடுக்க வைத்திருக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே லினக்ஸும் சாம்பாவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த மொழிக்கு முழுமையான ஆவணம் வெளியே இல்லை. எனவே டிரிட்ஜெலும் கூட்டாளிகளும் இரண்டு விண்டோஸ் கணினிகளைப் பேசவிட்டு, கம்பியில் போகும் பொட்டலங்களைப் பிடித்து, பைட் பைட்டாகப் பொருள் கண்டுபிடித்தார்கள். பிரெஞ்சு தெரியாதவன் ஒரு பிரெஞ்சு காபிக்கடையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார், பரிமாறுபவர் என்ன கொண்டுவந்து வைத்தார் என்று கவனித்தே மொழியைக் கற்பது மாதிரி என்று டிரிட்ஜெலே இதை விளக்கியிருக்கிறார். காபி, ரொட்டி என்பது ஒரே நாளில் பிடிபடும். கடைக்காரரும் சப்ளையரும் உள்ளே கிசுகிசுப்பது பிடிபட வருடங்கள் ஆகும். விண்டோஸ் 2000இல் வந்த ஆக்டிவ் டைரக்டரி அப்படிப்பட்ட கிசுகிசு. யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்த அனுமதி என்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதில்தான். அது புரியாவிட்டால் லினக்ஸ் சர்வர் ஒரு நிறுவனத்தில் கோப்பு வைக்கும் பரணாக இருக்கலாம், சாவிக்கொத்தை வைத்திருக்க முடியாது.

1998இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தத் தகவலைக் கேட்டுக் கடிதம் எழுதியது. மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அந்த டிசம்பரிலேயே சன் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2004 மார்ச்சில் முடிவு வந்தது: 49.7 கோடி யூரோ அபராதம், மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் தரவேண்டும், சர்வர்கள் பேசும் மொழியின் விவரத்தைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் லக்சம்பர்க் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது.

எதிர்த்தரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சமரசம் செய்துகொண்டார்கள். புகார் கொடுத்த சன்னுக்கு 2004 ஏப்ரலில் சுமார் 200 கோடி டாலர். அந்த ஆண்டே நோவெலுக்கு 53.6 கோடி. அடுத்த ஆண்டு ரியல்நெட்வொர்க்ஸுக்கு 76.1 கோடி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனங்கள், நஷ்டத்துக்கு ஒரு தொகை கிடைத்தால் வாங்கிக்கொள்வதுதான் முறை. கடைசிவரை நின்றவர்களில் ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சாம்பா குழுவும் இருந்தன. அவர்கள் வழக்கறிஞர் கார்லோ பியானா. 2006 ஏப்ரலில் நடந்த விசாரணையில் டிரிட்ஜெலே நீதிபதிகளுக்கு முன் தொழில்நுட்பத்தை விளக்கினார். இவர்களோடு தொகை பேசி முடிக்க வழியில்லை. நிரலில் பலருடைய உழைப்பு இருக்கிறது, அது வெளியே போயாயிற்று, ஒருவருக்குப் பணம் கொடுத்தால் மற்றவர் தொடர்ந்து எழுதுவார். காசு வாங்காதவன் கேட்டது தகவலை மட்டும். நீங்கள் நஷ்டம் என்ன என்று கேட்டீர்கள். பல வருட உழைப்பு, அடுத்த பதிப்பில் எதிராளி ஒரு பைட்டை மாற்றினால் செல்லாக்காசு ஆகும் என்பது நஷ்டம் இல்லையா? அதற்கு ரூபாயில் மதிப்புப் போட முடியாது என்பதால்தான் ரூபாயில் தீர்க்கவும் முடியவில்லை.

2007 செப்டம்பரில் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை முக்கியமான இடங்களில் உறுதிசெய்தது. அதற்குள் ஆவணத்தைச் சரியாகத் தராததற்கு 28 கோடி யூரோ தனி அபராதம் வேறு விழுந்திருந்தது. தருகிறேன், ஆனால் கட்டணம் உண்டு என்று அடுத்த தடை வந்தது. தொடக்கத்தில் கேட்டது, வாங்குபவரின் விற்பனை வருவாயில் காப்புரிமைக்கு 3.87 சதவீதம், ரகசியத் தகவலுக்கு 2.98 சதவீதம். வியாபாரக் காதுக்கு இது நியாயமாகக் கூடத் தோன்றலாம். ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கு இது பூட்டு. சாம்பாவை யார் எத்தனை நகல் எடுத்தார்கள் என்று சாம்பா குழுவுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. வாங்கியவர் மேலும் நகலெடுக்கக் கட்டணம் வைக்கக்கூடாது என்பது ஜிபிஎல்லின் அடிப்படை. மூலநிரலை எல்லோருக்கும் காட்டவேண்டும் என்பதும்தான், அப்புறம் ரகசியத்தை எங்கே ஒளிப்பது? எல்லாருக்கும் ஒரே கட்டணம், பாரபட்சமே இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு தரப்பை மட்டும் முழுதாக வெளியே தள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் நம் மத்திய அரசு முன்யோசனையோடு நடந்தது: 2010 நவம்பரில் வந்த மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கை, தரநிலையில் அடங்கிய காப்புரிமைகளுக்குக் கட்டணம் கூடாது என்பதை விதியாகவே வைத்தது.

ஐரோப்பாவில் கடைசியில் 2007 அக்டோபரில், ஒரே தவணையாக 10,000 யூரோ என்று இறங்கி வந்தார்கள். டிசம்பரில் அதற்கென்று ஏற்படுத்திய ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு அந்த 10,000ஐக் கட்டி ஆவணங்களை வாங்கியது. ஆவணம் ரகசியம், ஆனால் அதைப் படித்து எழுதும் நிரலை வெளியிடத் தடையில்லை என்பது உடன்பாடு. முன்பு கேட்ட அநியாயக் கட்டணங்களுக்காக 2008 பிப்ரவரியில் 89.9 கோடி யூரோ அபராதம்; அது பின்னர் 86 கோடியாகக் குறைந்தது. அதே 2008இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 30,000 பக்க நெறிமுறை ஆவணங்களைத் தானே இணையத்தில் வெளியிட்டது. 2011இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவரே சாம்பாவுக்கு நிரல் எழுதி அனுப்பினார்! ஆக்டிவ் டைரக்டரி சர்வராகவே இயங்கக்கூடிய சாம்பா 4 வெளியானது 2012 டிசம்பரில். சன் புகார் கொடுத்து 14 வருடம். அந்தச் சன்னே 2010இல் ஆரக்கிளுக்கு விற்கப்பட்டுவிட்டது. சர்வர் சந்தையில் யார் எங்கே உட்காரவேண்டும் என்பதும் அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது. போட்டிச் சட்டத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு, அதன் வேகத்தின் மீது இல்லை.

இவ்வளவு படித்தபின் உங்கள் ஃபைல் அமைப்பைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சட்டப்படி நீங்கள் தரத்தேவையில்லை. விருதுநகரில் சில கடைகளுக்கு மென்பொருள் விற்பவர் ஆதிக்கம் செலுத்துபவர் ஆகமாட்டார், 4ஆம் பிரிவு உங்கள் வாசல் பக்கமே வராது. ஆனால் அந்தக் கணக்கு கடைக்காரருடையது. உங்கள் தொழிலே திறந்த இணைப்பில் பிழைப்பதையும் யோசியுங்கள். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸில் எந்தத் தகவல், எந்த வரிசையில், எந்தப் பெயரில் இருக்கவேண்டும் என்ற அமைப்பை அரசு வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அது ஏதோ ஒரு பெரிய கணக்கு மென்பொருள் கம்பெனியின் ரகசியமாக இருந்திருந்தால் உங்களால் ஒரு பில் அனுப்ப முடியுமா? அந்த இளைஞருக்குக் கொஞ்சம் பொறுமை இருந்தால் டிரிட்ஜெல் செய்ததையே உங்கள் ஃபைலுக்கும் செய்துவிடுவார். அதற்குள் உங்கள் வாடிக்கையாளருக்கு உங்கள் மீது மனக்கசப்பு வந்துவிடும். எக்செலில் எடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றாலே புனிதம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டைப் பாருங்கள். கருவில் இருப்பது லினக்ஸ், ஜிபிஎல் உரிமம். அதற்கு மேல் உள்ள அடிப்படைப் பகுதி அப்பாச்சி உரிமத்தில் யாரும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் பிளே ஸ்டோர் இல்லாத போனை யார் வாங்குவார்கள்? பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளோடு ஒப்பந்தம் போடவேண்டும். தேடலும் குரோமும் உட்பட கூகுள் செயலிகள் மொத்தமாக உள்ளே வரவேண்டும் என்பது ஒரு ஒப்பந்தமாக இருந்தது. ஆண்ட்ராய்டைத் தன் விருப்பப்படி திருத்திய வேறு வடிவம் ஏறிய போன் எதையும் அந்தத் தயாரிப்பாளர் விற்கக்கூடாது என்பது இன்னொன்றாக இருந்தது. உரிமம் கொடுத்த சுதந்திரத்தை ஒப்பந்தம் திருப்பி வாங்கிக்கொண்டது. 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தோடு ஒரு போனை அறிமுகம் செய்ய நாள் குறித்து, கடைசி நேரத்தில் விழாவையே ரத்து செய்தது. அலியுன் ஆண்ட்ராய்டின் பொருந்தாத வடிவம் என்று கூகுள் சொன்னதுதான் பின்னணி. அமேசானின் ஃபயர் வடிவத்தைப் போட்டு போன் விற்கப் பெரிய தயாரிப்பாளர்கள் முன்வராததற்கும் இந்த ஒப்பந்தமே காரணம் என்று ஐரோப்பிய ஆணையம் சொன்னது.

2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதம் 434 கோடி யூரோ. பொது நீதிமன்றம் 2022இல் அதை 412.5 கோடி ஆக்கியது. அதே 2022 அக்டோபரில் நம் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. 2023 மார்ச்சில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே ஏற்று, ஆணையம் போட்ட நிபந்தனைகளில் நான்கை மட்டும் நீக்கியது. இங்கே குற்றம் சாட்டப்பட்டது மூலநிரலும் இல்லை, ஆண்ட்ராய்டின் பூஜ்ய விலையும் இல்லை. கையெழுத்து வாங்கிய காகிதங்கள்தான்.

உங்கள் விருதுநகர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். அந்த இளைஞர் எதைப் போட்டுக்கொடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் போல மும்பையில் உருவாகி ஜிபிஎல் உரிமத்தில் வரும் மென்பொருள் என்றால், அதை நீங்களும் எடுக்கலாம். இளைஞருக்கு அதில் உங்களுக்கு இல்லாத உரிமை எதுவும் கிடையாது. மருந்துக்கடைக்கு பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் எப்படி வரவேண்டும், ஹார்டுவேர் கடையில் ஒரே கம்பியை எடைக்கும் எண்ணிக்கைக்கும் எப்படி விற்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதை அந்த மென்பொருளில் ஏற்றி, விலை வைத்து விற்கலாம். வாங்குகிறவர்களுக்கு மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும், அவ்வளவே நிபந்தனை. உங்கள் பராமரிப்புத் தொகை உண்மையில் எதற்கு வருகிறது, மென்பொருளுக்கா, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாள் இரவில் நீங்கள் போனை எடுப்பதற்கா என்று யோசித்தால் கணக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன்.

ஒருவேளை அது கட்டற்ற மென்பொருளே இல்லாமல், முதலீட்டாளர் பணத்தில் ஓடும் ஒரு கம்பெனியின் மூடிய செயலியாக இருந்தால் விஷயம் வேறு. இப்போது சும்மா, மூலநிரல் கிடையாது, கணக்கை வெளியே எடுக்கவும் வழி கிடையாது என்றால், ஈஸ்டர்புரூக் சொன்ன அந்த இரண்டாவது கட்டம் அங்கே வரலாம். உங்கள் கடைக்காரர்களிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள்; உங்கள் எக்செல் பொத்தானைக் காட்டிச் சொன்னால் இன்னும் எடுபடும்.

புகார் கொடுக்கத் தடையில்லை. போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தகவல் தாக்கல் செய்யலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் செய்யவேண்டும். முதல் பார்வையில் விஷயம் இருப்பதாக ஆணையம் கருதினால்தான் தலைமை இயக்குநரின் விசாரணைக்குப் போகும். ஊரில் பத்துக் கடைக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் ஒரு இளைஞர் மீது என்றால், ஏர்டெலுக்குக் கிடைத்த பதிலே உங்களுக்கும் கிடைக்கும். கட்டிய கட்டணம் திரும்ப வராது.